மவுஸைத் தூக்கிய தச்சர்

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே ஜோக் வாரத்துக்கு ஒரு சட்டை மாற்றிக்கொண்டு வரும். "விண்டோவை மூடுங்க பாட்டி" என்றதும் பாட்டி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். தாத்தா பாஸ்வர்டைக் காலண்டரில் எழுதி வைப்பார். நானும் சிரிப்புப் பொம்மை அனுப்புகிறவன்தான். இந்த வகை நகைச்சுவையில் எது நல்லது, எது வெறும் சீண்டல் என்று என்னை யோசிக்கவைத்தவை இரண்டு படைப்புகள்.

முதலாவது, 2001-இல் நார்வேயின் என்ஆர்கே தொலைக்காட்சியில் வந்த சின்ன நகைச்சுவைக் காட்சி. எழுதியவர் க்னுட் நேரும். சுருளேட்டில் படித்துப் பழகிய இடைக்காலத் துறவிக்குப் புதிதாகப் புத்தகம் வந்திருக்கிறது. திறக்கத் தெரியவில்லை. உதவிக்கு ஓர் ஆள் வருகிறார். பக்கத்தைப் புரட்டினால் படித்த எழுத்தெல்லாம் போய்விடுமோ என்று துறவிக்குப் பயம். அதற்கான கையேடும் ஒரு புத்தகமாகவே இருப்பதுதான் உச்சம். இங்கே வயசு பிரச்சினையே இல்லை. புதுசு முன்னால் யாரும் முதல் நாள் அசடுதான். ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த நம் முப்பாட்டனும் கொஞ்சம் திணறித்தான் இருப்பார்.

இரண்டாவது, கென் லோச் இயக்கி 2016-இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'ஐ, டேனியல் பிளேக்'. டேனியல் நியூகாசலில் வாழும் 59 வயது தச்சர். மாரடைப்பு வந்தவரை மருத்துவர் வேலைக்குப் போகாதே என்கிறார்; உதவித்தொகைக்கான பரிசோதனையோ போகலாம் என்கிறது. விண்ணப்பிப்பதென்றால் இணையத்தில்தான். நூலகத்தில் போய் உட்கார்கிறார். மவுஸைத் திரையில் மேலே கொண்டுபோகச் சொன்னதும், மவுஸையே தூக்கித் திரைமேல் வைக்கிறார்.

அதே பழைய ஜோக். நடித்த டேவ் ஜான்ஸ் மேடை நகைச்சுவைக் கலைஞர். சிரிப்பு எங்கே விழும் என்று அறிந்தவர். நானும் சிரித்தேன். உடனே தொண்டை அடைத்தது. அந்தப் படிவம் போகாவிட்டால் அவருக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை. குடும்பக் குழு ஜோக்குகள் மறைப்பது இதைத்தான். பாட்டி ஜன்னலைச் சாத்தியதோடு கதை முடிந்துவிடும். அவர் எதற்காகக் கணினி முன்னால் உட்கார்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை.

படத்தில் குறை இல்லாமலில்லை. அலுவலகத்து ஆட்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். டேனியலுக்குக் கணினியில் உதவ வரும் ஆன் மட்டும் விலக்கு. அதற்காக அவர் மேலதிகாரியிடம் திட்டும் வாங்குகிறார். ஆனால் லோச் ஒன்றைச் சரியாகச் செய்கிறார். டேனியலின் கைக்கு என்னென்ன தெரியும் என்பதையும் காட்டுகிறார். குளிரில் நடுங்கும் ஒரு குடும்பத்தின் ஜன்னல்களில் குமிழித்தாள் ஒட்டுகிறார்; மரத்தில் மீன் செதுக்குகிறார். மவுஸைத் தூக்கியதும் அதே கைதான். அதனால் அவர் முட்டாளாகத் தெரிவதில்லை.

படம் முடிந்ததும் அப்பா நினைவுக்கு வந்தார். ஒரு படிவத்தை எப்படி அனுப்புவது என்று மூன்றாவது தடவை கேட்டபோது, "குடுங்கப்பா, நானே செஞ்சிடுறேன்" என்று போனைப் பிடுங்கியிருந்தேன். என் முதல் சைக்கிளைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். எத்தனை தடவை கேட்டேனோ, ஒருநாளும் திருப்புளியைப் பிடுங்கியதில்லை.