சுரங்கமும் சரீரமும்

பெண்ணின் உடலைப் பற்றி ஆண்கள் எழுதிவைத்த சாஸ்திரங்கள் ஏராளம். 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் அவற்றில் ஒன்று என்றால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். அதன் 46-ஆம் பிரிவைப் படித்தால் சிரிப்பு நின்றுவிடும். பூமிக்கு அடியில் பெண் வேலை செய்யக் கூடாது. மேலே உள்ள சுரங்க வேலையிலும் காலை 6 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அவள் இருக்கலாகாது என்றது அது.

நெய்வேலியை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். 1957-இல் வெட்டத் தொடங்கி, 1961-இல் பழுப்பு நிலக்கரியைக் கண்ட திறந்தவெளிச் சுரங்கம் அது. அங்கே மண்ணை அறுப்பது ராட்சதச் சக்கர யந்திரம். விசையை இயக்கும் கை ஆணுடையதா, பெண்ணுடையதா என்று யந்திரம் கேட்பதில்லை, சட்டம் கேட்டது. அப்படியானால் சட்டத்தின் கவலை உடலின் பலவீனம்தானா? இருட்டிய பிறகு வீட்டுக்கு வெளியே நிற்கும் பெண்ணைக் கண்டுதான் அது அஞ்சியது என்று எனக்குத் தோன்றுகிறது.

வடநாட்டு நிலக்கரிச் சுரங்கங்களின் கதையும் இதற்குச் சாட்சி. முப்பதுகளில் பெண்களைப் படிப்படியாக ஆழத்திலிருந்து வெளியேற்றினார்கள். யுத்தம் வந்து கரி போதாமல் போனதும் 1943-இல் தடை விலகியது. யுத்தம் முடிந்ததும் 1946-இல் திரும்பிவிட்டது. அந்தச் சில வருஷங்களுக்கு மட்டும் பெண்ணுக்கு வேறு சரீரம் வாய்த்திருந்ததா என்ன!

இந்தக் கேள்வியோடு இரண்டு நூல்களைத் திரும்பப் படித்தேன். பெண்மை என்பது பெரிதும் சமூகம் வளர்த்து ஆக்குவது என்று 1949-இல் ஸிமோன் த பொவ்வார் 'இரண்டாம் பால்' நூலில் வாதாடினார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கர்ப்பத்தடை பெண்ணின் சொந்த விடுதலைக்கே வேண்டும் என்று பெரியார் சொல்லிவிட்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' இன்றும் சுடுகிறது. ஆயினும் இருவரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. பிள்ளை பெறும் உடலை இருவரும் பெரும்பாலும் விலங்காகவே காண்கிறார்கள். குழந்தை வளர்ப்பில் சமூகத்துக்குப் பங்குண்டு என்று பொவ்வார் சொல்லாமலில்லை. ஆனால் நூலின் தொனி வேறு. சட்டம் உடலைக் காட்டி வாசலை அடைத்தது. இவர்கள் உடலைத் தாண்டி வாசலுக்கு வா என்கிறார்கள். ஆணுடம்புக்கென்று அளந்து கட்டிய வாசலை இடித்து அகலமாக்கும் யோசனை பின்னால் போய்விடுகிறது.

2019 ஜனவரியில் மத்திய அரசு தடையைத் தளர்த்தியது. திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவிலும் பெண் வேலை செய்யலாம். அவளுடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும், குறைந்தது மூன்று பெண்களாவது சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். 67 வருஷங்களுக்குப் பின் அவளிடம் சம்மதம் கேட்டார்களே, அதுவே பெரிது. ஆனால் சம்மதம் மட்டும் போதுமா? கழிப்பறையும் பஸ்ஸும் குழந்தைக்கு ஒரு காப்பிடமும் இல்லாத இடத்தில் சம்மதம் வெறும் கையெழுத்து.

நம் நாவல்களில் ஷிப்ட் முடிந்து வருகிறவன் ஆண். விளக்கேற்றிக் காத்திருக்கிறவள் பெண். விடியற்காலை அவள் களைத்துத் திரும்பும்போது குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுத்திருப்பவன் யார்? அவனை இன்னும் நாம் எழுதவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.