போய்ச் சேர்ந்ததா?

மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்பாட்டி பற்றிய பாடநூல்கள் எஸ்.பி.ஐ. என்னும் ஒத்தியங்கு தொடர்வாயிலை நன்றாகவே விளக்குகின்றன. எந்தக் கம்பி எதனுடன் சேரவேண்டும், கடிகாரத் துடிப்பின் எந்த விளிம்பில் பிட் படிக்கப்படுகிறது என்பனவெல்லாம் படங்களில் தெளிவு. ஆனால் 'அனுப்பியது போய்ச் சேர்ந்ததா?' என்ற கேள்வியைப் பல நூல்கள் எழுப்புவதில்லை. இது சிறு குறையன்று.

சிறுவாச்சூரில் வீடு கட்டுமிடத்தைப் பாருங்கள். கீழே நிற்பவர் செங்கல்லை எறிகிறார். சாரத்தில் நிற்பவர் அதைப் பிடித்து வைத்துவிட்டு மீண்டும் கை நீட்டுகிறார். அதைக் கண்ட பிறகே அடுத்த கல் மேலே போகிறது. கருவிகளிடையே இவ்வாறு நடப்பதே 'ஹேண்ட்ஷேக்கிங்'. சொல்லுக்குச் சொல் 'கைகுலுக்கல்' என்று பெயர்த்தால் பொருள் விளங்காது. 'ஒப்புதல் பெறுதல்' என்பதே பொருந்தும்.

1980களில் மோட்டோரோலா வகுத்த எஸ்.பி.ஐ. முறையில் இந்த ஒப்புதல் இல்லை. அதே காலத்தில் பிலிப்ஸ் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி முறையிலோ, எட்டு பிட்டுகளுக்குப் பின் ஒன்பதாம் துடிப்பு ஒப்புதலுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. எஸ்.பி.ஐ. வேகமானது என்று புகழும் நூல்கள், அந்த வேகத்துக்குக் கொடுத்த விலையையும் சொல்லவேண்டாமா?

கணக்கிட்டுப் பார்ப்போம். 20 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 'பிக் 16எஃப்877ஏ' சில்லு ஒரு கட்டளையை முடிக்க 0.2 மைக்ரோவினாடி ஆகும். தொடர்வாயிலின் துடிப்பு 1.25 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஒரு பைட்டு வந்துசேர 6.4 மைக்ரோவினாடி. ஆக, பெறும் சில்லுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 32 கட்டளைகளுக்கான நேரமே. அதற்குள் முந்தைய பைட்டை எடுக்காவிட்டால் புதியது தொலைந்துவிடும். பெறும் சில்லில் மட்டும் 'நிரம்பி வழிந்தது' என்ற அடையாள பிட் எழும். அனுப்பியவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்னும் ஆபத்தானது வேறொன்று. உணர்வி இணைக்கப்படாமலே இருந்தாலும் துடிப்பு ஓடும். எட்டு பிட்டுகள் வரும். உள்வரும் கம்பி உயர்நிலையில் இருந்தால் 255, தாழ்நிலையில் இருந்தால் 0. மாணவர் அதை வெப்பநிலை என்று பதிவேட்டில் எழுதுவார். இயற்பியலில் இதைவிடப் பெரிய பிழை ஏது? எண் கிடைத்தது; அளவீடு நடக்கவில்லை.

வழி இல்லாமலில்லை. 'தயார்' என்று அறிவிக்க ஒரு கம்பி கூடுதலாகப் போடலாம். எஸ்.டி. நினைவக அட்டையோ, எழுதி முடிக்கும்வரை தன் வெளியீட்டுக் கம்பியைத் தாழ்நிலையில் பிடித்துக் 'காத்திரு' என்கிறது. மாதிரி நிரல்களில் இத்தகைய சோதனை இரண்டு வரி சேர்த்தால் போதும். அடுத்த பதிப்புகளில் நூலாசிரியர்கள் சேர்ப்பார்களா?