படம் இல்லாத இடம்

2019-ல் ஓவியர் சங்கர் பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அம்புலிமாமாவில் விக்ரமாதித்தன், வேதாளம் படங்களை வரைந்தாரே, கே.சி. சிவசங்கரன், அவரேதான். அதில் ஒரு வரி: "உருவங்களில் இவ்வளவு உழைப்பைக் கொட்டுகிறவர், பின்னணியைப் பல இடங்களில் அப்படியே விட்டுவிடுகிறார். மாதக் கெடு காரணமாக இருக்கலாம்." ரொம்ப நிதானமான விமர்சனம் செய்துவிட்டதாக அப்போது நினைப்பு. இருபது பேர் படித்திருப்பார்கள், ஒருத்தரும் மறுக்கவில்லை.

அந்த வரி தப்பு. தப்பு எழுதியதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதே சமயத்தில்தான் ஒரு பெரியவரிடம் ஆறு பைண்டு வால்யூம் கடன் வாங்கி ஸ்கேன் செய்தேன். 340 பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் படத்தை மட்டும் பிரித்தெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எழுத்தை அடையாளம் கண்டு தூக்கிவிடும், வெள்ளையாக இருக்கும் ஓரங்களை வெட்டிவிடும். மூலக் கோப்புகளை வைத்துக்கொள்ளவில்லை. டிஸ்க்கில் இடம் பத்தவில்லை என்று அழித்தேன். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டுகிறவன் செய்கிற வேலையா அது? வால்யூம்களைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெரியவர் காலமான பிறகு வீட்டைக் காலி செய்தார்கள். புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. இன்று என்னிடம் இருப்பது அழகாக வெட்டப்பட்ட 340 படங்கள், சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல்.

போன வருஷம் காந்திபுரத்தில் ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். ஆஃப்செட் வந்த காலத்திலிருந்து ப்ராசஸ் கேமராவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அங்கே சும்மா பேச வந்து உட்காருவார். லேப்டாப்பில் படங்களைக் காட்டினேன். நாலைந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, எழுத்து எங்கீங்க?"

"படம் மட்டும் வேணும்னு வெட்டிட்டேனுங்க."

"அப்புறம் என்னத்தப் பாக்கறீங்க? அவரு எழுத்துக்கு எடம் உட்டுத்தானுங்க வரைஞ்சிருக்காரு. அந்த எடத்தையில்ல பாக்கோணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே யோசனை. ஏனென்றால் இது என் சோற்று வேலை. பத்து வருஷம் மென்பொருளைப் பல மொழிகளுக்கு மாற்றும் குழுவில் இருந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஓகே' என்று இருந்த பட்டன் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' ஆகும்போது திரை கிழிந்து தொங்கும். டிசைனரிடம் போய், "கொஞ்சம் இடம் விட்டு வரைங்க, உங்களுக்குத் தெரியாத பாஷை அங்க வந்து உட்காரும்" என்று கெஞ்சுவதுதான் எங்கள் பிழைப்பு. நானே ஒரு ஓவியர் இடம் விட்டதைச் சோம்பல் என்று எழுதியிருக்கிறேன்.

சந்தமாமா 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கியது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் ஆரம்பித்தது. பிறகு கன்னடம், இந்தி என்று வளர்ந்து உச்சத்தில் ஒரு டஜன் மொழிகளில் வந்தது. கதை மொழிக்கு மொழி மாறும், படம் மாறாது. நாலு வண்ண அச்சில் இதன் கணக்கு எளிது. எழுத்தைக் கறுப்பு பிளேட்டில் மட்டும் வைத்துக்கொண்டால், மொழி மாறும்போது அந்த ஒரு பிளேட்டை மாற்றினால் போதும். மற்ற மூன்றும் எல்லா மொழிக்கும் பொது. எழுத்தை வண்ணத்தின் நடுவில் வெள்ளையாக விழவைத்தாலோ, நாலு பிளேட்டும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி. செலவு எங்கோ போய்விடும். ஆகவே எழுத்து விழும் இடம் வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருந்தாக வேண்டும். அந்த இடத்தைப் படமே ஒதுக்கித் தர வேண்டும்.

இப்படித் தெரிந்துகொண்டு பார்த்தால் சங்கரின் பக்கம் வேறாகத் தெரிகிறது. அவருடைய படங்களில் பல முழுச் சதுரம் அல்ல. 'ட' எழுத்து மாதிரி வளைந்திருக்கும். இடது ஓரமாக ஒரு மரமோ தூணோ மேலே ஏறும், அடியில் மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள், மீதி மூலையில் கதை. மனிதர்களின் பார்வையும் கையும் அந்த மூலையை நோக்கிப் போகும். கண் படத்திலிருந்து வழுக்கிக்கொண்டு எழுத்துக்குப் போய்விடும். படித்து முடித்தால் தூண் வழியாக மறுபடி கீழே இறங்கும். நான் வெட்டிய 340-ல் இந்தத் தூண்கள் ஒன்றுமில்லாத வெளியில் அநாதையாக நிற்கின்றன.

சங்கர் நம்ம ஊர்க்காரர். 1924-ல் தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் பிறந்தவர், அப்போது அது கோயம்புத்தூர் ஜில்லா. பத்து வயதில் மதராஸ் போனார். 1941 முதல் 1946 வரை அங்கே ஓவியப் பள்ளியில் படிப்பு, தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலம். பிறகு கலைமகள், 1950-களின் தொடக்கத்தில் சந்தமாமா. பத்திரிகை நிற்கும்வரை, ஏறக்குறைய 60 வருஷம் அங்கேயே. 2020 செப்டம்பரில் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அஞ்சலிகள் எல்லாவற்றிலும் ஒரே படம்: வாள் பிடித்த ராஜா, தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. நல்ல படம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தலைப்புப் படம். தனியாக நிற்கத்தான் வரைந்தது. அதனால்தான் டீ-ஷர்ட்டிலும் நிற்கிறது. அவருடைய அன்றாட வேலையை அதை வைத்து எடை போடுவது, ஒரு சமையல்காரரை இலையில் வைத்த இனிப்பை மட்டும் தின்றுவிட்டு மதிப்பிடுவது போல.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சிவகாசி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழ், 'இரும்புக்கை மாயாவி'. என் தலைமுறைக்கு அவன் தமிழன். ஆனால் 1962-ல் வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவன். வரைந்தவர் பார்சலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர் விட்ட இடம் ஆங்கிலத்துக்கு விட்ட இடம். ஆங்கில வார்த்தை குட்டி. உயரமான ஒடுங்கிய பலூனில் வரிக்கு இரண்டு வார்த்தை அழகாக உட்காரும். அங்கே மூன்றெழுத்தில் 'ரன்' என்றால் முடிந்தது, நமக்கு 'ஓடிவிடுங்கள்' ஏழு எழுத்து. 'கண்டுபிடித்துவிட்டார்கள்' பதின்மூன்று. ஒரே வார்த்தை பலூனின் அகலத்தைத் தாண்டும், நடுவில் உடையும். மேலே ஒரு 'கீ', கீழே ஒரு 'கு' வந்தால் வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

சிவகாசியில் இருந்தவர்கள் இதைச் சமாளித்தார்கள். பலூனை வெள்ளையடித்துப் புது எழுத்தை உட்காரவைத்தார்கள். பாக்கெட் அளவுக்குக் கட்டங்களை வெட்டி, ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டினார்கள். சில சமயம் பலூன் வீங்கி யாரோ ஒருவரின் தோளைத் தின்றிருக்கும். சின்ன வயதில் அந்தத் தோள் இல்லாத மனிதர்களைப் பற்றி நானும் என் தம்பியும் தனிக் கதையே கட்டியிருக்கிறோம்.

ஆனால் ஒரு புகார் உண்டு. 1984-ல் லயன் காமிக்ஸ் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடு தொடங்கியது. மாடஸ்டி பிளைசி மூலத்தில் தினசரி நாளிதழ்த் தொடர். ஒரு நாளைக்கு மூன்று கட்டம், பக்கவாட்டில். மூன்றாவது கட்டம் வாசகனை நாளைக்கு வரச்சொல்லும் கொக்கி. அடுத்த நாள் முதல் கட்டம் கொஞ்சம் நினைவூட்டும். இதைப் புத்தகமாக அடுக்கினால் கொக்கி பக்கத்தின் நடுவில் வந்து விழும், நினைவூட்டல் உடனே அடுத்த கட்டத்தில் வரும். பாத்திரங்கள் இப்போதுதான் சொன்னதையே திரும்பச் சொல்வது போல இருக்கும். மொழிபெயர்ப்பு வளவள என்று நாம் திட்டியதில் ஒரு பங்கு இந்த அடுக்கலின் குற்றம். மொழிபெயர்ப்பாளரின் மேல் போட்டுவிட்டோம்.

இரண்டு இடத்திலும் ஒரே பிரச்சனைதான்: வரைந்தவருக்குத் தெரியாத பாஷையில் வார்த்தை வரும். வடபழனியில் ஓவியருக்கு அது முன்கூட்டியே தெரியும், சிவகாசியில் ஓவியருக்குத் தெரியவே தெரியாது. நம் காமிக்ஸ் பேச்சில் கோடு, முகபாவம், நிழல் எல்லாம் வருகிறது. வெற்றிடம் வருவதில்லை. 2019-ல் எனக்கும் வரவில்லை.

மறுபடி தேடத் தொடங்கியிருக்கிறேன். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் ஞாயிறுதோறும். இதுவரை கிடைத்தது ஒன்பது இதழ். அதில் ஒன்று தெலுங்கு, என் அதிர்ஷ்டம், அதே மாதத் தமிழ் இதழும் சேர்ந்தே கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வேதாளக் கதையில், மரக்கிளை ஒன்று கட்டத்தைத் தாண்டி எழுத்துக்குள் நீள்கிறது. தமிழில் அந்த இடத்தில் நான்கு வரிகளைக் குறுக்கி அடுக்கியிருக்கிறார்கள். தெலுங்கில் ஐந்து வரிகள். கிளை மட்டும் இரண்டிலும் அசையாமல் இருக்கிறது. இலைகளை எண்ணிக்கூடப் பார்த்துவிட்டேன்.

இந்தத் தடவை ஓரத்தை வெட்டாமல் ஸ்கேன் செய்கிறேன். கோப்பு ஒவ்வொன்றும் 90 எம்.பி. வருகிறது. வீட்டில் புது ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.