‘இயற்கை நிறம்’: மறந்தது யார்?

1

பூ, இலை, பட்டை, மண் இவற்றிலிருந்து ஓவியத்துக்கான நிறங்களைத் தயாரிக்கக் கற்றுத்தரும் பயிலரங்குகள் இப்போது நகரங்களில் நடக்கின்றன. அங்கே அடிக்கடி காதில் விழும் வாசகம்: “இது மறக்கப்பட்ட அறிவு, நாம் மீட்டெடுக்கிறோம்.” இந்த வாக்கியம் செயப்பாட்டு வினையில் அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மறக்கப்பட்டது, சரி. மறந்தது யாரு? எழுவாய் இல்லாமல் உலவும் இந்த வாக்கியத்துக்கு எழுவாயைத் தேடுவதுதான் இக்கட்டுரையின் வேலை.

வரலாற்றை இயற்கையாக மாற்றிக் காட்டுவதே தொன்மத்தின் தொழில் என்றார் ரொலான் பார்த். ‘இயற்கை நிறம்’ என்ற சொல்லாடல் அதைத்தான் செய்கிறது. ஒரு நிறம் சட்டியில் வந்து சேர்வதற்குள் அதன்மேல் எத்தனை கை பட்டிருக்கிறது, அந்தக் கைகள் எந்தத் தெருவிலிருந்து வந்தவை என்பதெல்லாம் ‘இயற்கை’ என்ற ஒரே சொல்லில் கரைந்துபோகின்றன. உடனே, “அப்படீன்னா ரசாயனச் சாயத்துக்கு வக்காலத்து வாங்கறீங்களா?” என்று கேட்பார்கள். இல்லை. நொய்யல் ஓடும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு யாரும் அப்படி வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் நொய்யலைக் காட்டியே ஒரு புதுப் புனிதத்தைக் கட்டமைப்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

2

முதலில் பொருள்களைப் பார்ப்போம். நமது விமர்சனங்கள் பெரும்பாலும் பொருளைத் தொடாமலே முடிந்துவிடுகின்றன.

செம்மண்ணை எடுத்துத் தண்ணீரில் கலக்கினால் கல்லும் மணலும் அடியில் தங்கும். மேலே மிதக்கும் கலங்கல் நீரை இன்னொரு சட்டிக்கு இறுத்து ஊறவிட்டால் வண்டல் மாவு மாதிரிப் படியும். அதைக் காயவைத்து, கருவேலம்பிசினோ விளாம்பிசினோ சேர்த்து அரைத்தால் நிறம் தயார். அதில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. மஞ்சட்காவியை நெருப்பில் சுட்டால் அதிலுள்ள நீர் போய்ச் செங்காவியாகும். வெயிலோ மழையோ சுண்ணாம்போ அதைச் சுலபத்தில் அசைக்காது.

பூவின் கதை வேறு. பூவை வேகவைத்தால் கிடைப்பது சாயம். அது தண்ணீரில் கரைந்து நிற்பது. ஓவியத்துக்கு வேண்டியது கரையாத நிறமி. சாயநீரில் படிகாரத்தைக் கரைத்துச் சலவைச் சோடா நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் நுரைத்துக்கொண்டு, சாயத்தைப் பிடித்தபடி ஒரு வண்டல் இறங்கும். துணியில் வடித்துக் காயவைத்துப் பொடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஐரோப்பிய ஓவியர்கள் இதை ‘லேக்’ என்பார்கள். நம் நாட்டு அரக்கின் வடமொழிப் பெயர் லாக்ஷா ‘லாக்’ ஆகி, கடல் கடந்து ‘லேக்’ ஆனது. இன்று அந்தச் சொல் ஐரோப்பிய நுட்பமாகத் திரும்பி வந்து நமக்கே பாடம் நடத்துகிறது.

ஆனால் சங்குப்பூ நீலமும் செம்பருத்திச் சிவப்பும் வெயில் பட்டால் சீக்கிரமே வெளிறிவிடும். மஞ்சளும் வெயிலுக்கு நிற்காது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கலாம், அதற்காகச் சூரியன் தயவு காட்டாது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்று வாயெல்லாம் சிவந்து திரிந்த ஆடுமேய்க்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் தெரியும். ஆயிரம் வருஷம் நிற்கும் காவியையும் ஒரு மாதம் தாங்காத பூச்சாற்றையும் ஒரே சொல்லில் அடக்குவது வேதியியல்படி பொருந்தாது. அது ஒரு விற்பனை வகைமை.

இன்னொன்று. இயற்கை என்றாலே தீங்கற்றது என்றொரு நம்பிக்கை. கூத்துக்காரர் முகத்தில் பூசியதை ‘அரிதாரம்’ என்கிறோம். அரிதாரம் பூமியிலிருந்து கிடைக்கும் மஞ்சள் கனிமம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது, விஷம். சாதிலிங்கத்தின் சிவப்பு பாதரசத்தின் சிவப்பு. இரண்டும் சுத்தமான ‘இயற்கை’தான். ஒரு தொழிலின் அபாயம் ஒப்பனைக்கே பெயராகி நம் மொழியில் உட்கார்ந்திருக்கிறது. நாம் அதை உருவகமாக மட்டும் வாசிக்கப் பழகியிருக்கிறோம்.

3

அடுத்தது தொன்மை. கொங்கில் நிறத்தின் வரலாறு பழையது என்பதில் சந்தேகமில்லை. கோவையை அடுத்த குமிட்டிபதி மலைக்குகையில் வெள்ளை நிறத்தில் யானையும் மனித உருவங்களும் இருக்கின்றன. கோத்தகிரிப் பக்கம் கரிக்கியூரில் பாறை முழுக்கச் செங்காவி ஓவியங்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லும் இடமாகக் கருதப்படும் கொடுமணல், நொய்யல் கரையில் இருக்கிறது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் ஒரு வகை கொங்குப் பகுதிக்கே உரிய அடையாளமாகத் தொல்லியலாளர்களால் சொல்லப்படுகிறது. வெள்ளைக் களிமண்ணால் அலைக்கோடுகள் இழுத்து, செங்காவிக் கலவை பூசிச் சுட்ட பானைகள் அவை. இரும்பு, எஃகு, மணிகள் செய்த அந்த ஊரில் சோறாக்கவும் தண்ணி மொள்ளவும் வைத்திருந்த பானைக்கும் கோடு இழுக்க ஒருத்திக்கோ ஒருவனுக்கோ தோன்றியிருக்கிறது.

இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் கேட்கும் ஒரே கேள்வி: “எத்தனை ஆயிரம் வருஷம்?” வருஷத்தைக் கூட்டக் கூட்டப் பெருமிதமும் கூடுகிறது. அந்தப் பெருமிதம் கரிக்கியூர்ப் பாறையைக் காப்பாற்றவில்லை. அங்கே போனவர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கி ஓவியங்களைச் சிதைத்திருக்கிறார்கள். தொன்மையைக் கொண்டாடும் சமூகத்துக்கும் தொன்மைமேல் பெயரெழுதும் சமூகத்துக்கும் பெரிய இடைவெளி இல்லை. இரண்டுமே பாறையைத் தன் சொத்தாகப் பார்க்கின்றன.

யார் வரைந்தார்கள், எதைக்கொண்டு, எந்தத் தேவைக்காக என்ற கேள்விகளுக்கு நீலகிரி ஆலு குறும்பர்களின் ஓவியம் ஒரு வழி காட்டும். 1868 வரை நீலகிரி கோயமுத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. செம்மண்ணில் சிவப்பு, போதிமண்ணில் வெள்ளை, மரப்பட்டையிலிருந்து கருப்பு, காட்டவரை இலையில் பச்சை. நான்கே நிறங்கள். சடங்குக் காலத்தில் பூசாரிக் குடும்பத்து ஆண்கள் சுவரில் வரைவார்கள். பெண்களுக்கு விடப்பட்டது வாசலையும் சன்னலையும் சுற்றிய கரைக்கோலம். வெள்ளரிக்கொம்பை கிருஷ்ணன் போன்றவர்கள் வழியாக அது காகிதத்துக்கு வந்து, வெளியுலகம் வாங்கும் பொருளாயிற்று.

இந்த விவரத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. பழங்குடி மரபு என்று நாம் புனிதப்படுத்தும் இடத்திலும் தூரிகை யார் கையில் என்பதில் அதிகாரம் உண்டு, பெண்ணின் இடம் ஓரத்தில்தான் உண்டு. சுவரிலிருந்து காகிதத்துக்கு வந்ததை ‘சீரழிவு’ என்று புலம்புவோர் இதை யோசிப்பதில்லை. சந்தை சடங்கைக் குலைக்கும். அந்தக் குலைவிலேயே அதுவரை தூரிகை தொடாத கைக்கும் ஒரு வாய்ப்புத் திறக்கலாம். திறக்குமா என்பது அந்த மக்களின் பேரத்தைப் பொறுத்தது. நம் ரசனையைப் பொறுத்ததல்ல.

4

மறந்தது யார் என்ற கேள்விக்கு வருவோம். ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். போகியன்று காப்புக் கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. தை மாதம் பூப்பறிக்கிற நோம்பிக்குப் பெண்டு பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பறிப்பதும் ஆவாரம்பூ. இதெல்லாம் பண்பாட்டுக் கட்டுரைகளில் வரும். அதே செடியின் பட்டைதான் காலங்காலமாகத் தோல் பதனிடப் பயன்பட்டது. பட்டையைத் தட்டி ஊறவைத்துத் தோலுக்குப் பழுப்பு நிறமும் உறுதியும் ஏற்றிய அருந்ததியர்களின் அறிவு பண்பாட்டுக் கட்டுரைக்குள் நுழைவதில்லை. பூ கும்மிக்குப் போயிற்று, பட்டை சேரிக்குப் போயிற்று. ஒரே செடியை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது சாதி.

வண்ணார் என்ற சொல்லிலேயே வண்ணம் இருக்கிறது. எந்த உவர்மண் எந்த அழுக்கை எடுக்கும், சேங்கொட்டைக் குறி எத்தனை வெளுப்புக்கும் போகாது, எந்தக் கறைக்கு எது மாற்று என்பதெல்லாம் நிறத்தைப் பற்றிய அறிவு இல்லையா? கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி போட்டால் கருக்கும் என்பது நாட்டுமருந்துக் கடையில் பொட்டலம் மடிப்பவருக்குத் தெரிந்த சங்கதி. குயவர் வீட்டில் எந்தக் குளத்து மண் சுட்டால் சிவக்கும், எது வெளிறும் என்பது சொல்லிக்கொடுக்காமலே தெரியும். உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு மக்கள் நேர்ந்துவைக்கும் மண் உருவாரங்களைப் பாருங்கள். மாடும் கன்றுமாக அந்த உருவங்களை வனைந்து நிறம் தீட்டியவர்களை ‘ஓவியர்’ என்று நமது கலை வரலாறு அழைத்ததில்லை.

ஆக, இவர்கள் மறக்கவில்லை. இவர்களில் பலர் அந்தத் தொழிலை விட்டு வெளியேறினார்கள். இழிவு என்று சுமத்தப்பட்ட வேலையை உதறிவிட்டு மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போவது மறதியாகாது, அது விடுதலை முயற்சி. ஐயனார் குதிரைக்கும் கருப்பராயனுக்கும் காவியும் சுண்ணாம்பும் போய் எனாமல் பெயிண்ட் வந்ததைப் பார்த்து நகரத்து ரசிகர் முகம் சுளிக்கிறார். அந்தப் பளபளப்பு மழைக்குக் கரையாது, வருஷா வருஷம் ஓசியில் வந்து பூசிக்கொடுக்க வேண்டிய கட்டாயத்தையும் குறைக்கும் என்பது பூசுகிறவர் தரப்பு நியாயம். அந்த நியாயத்தைக் கேட்காமல் ‘மீட்டெடுப்பு’ பேசுவது, அவர்கள் உதறிய வேலையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக நடத்துவதில் போய் முடியும்.

5

இயற்கைச் சாயத்தின் பொற்காலம் என்று ஒன்று இருந்ததா? செயற்கை அவுரியை ஜெர்மன் கம்பெனியான பிஏஎஸ்எஃப் சந்தைக்குக் கொண்டுவந்தது 1897இல். அதற்கு முந்தைய நீலம் முழுக்க ‘இயற்கை’. அந்த இயற்கை நீலத்துக்காகத்தான் வங்காளத்து விவசாயிகள் தோட்டக்காரத் துரைகளிடம் அடிபட்டு 1859இல் கிளர்ந்தெழுந்தார்கள். 1860இல் தீனபந்து மித்ராவின் ‘நீல தர்ப்பண்’ நாடகம் வெளிவந்ததும் அதற்காகத்தான். 1917இல் காந்தியைச் சம்பாரணுக்கு இழுத்ததும் அதே செடி. தமிழில் அவுரிக்கு ‘நீலி’ என்றும் பெயர். பழிவாங்கும் பேய்மகளுக்கும் அதே பெயர் அமைந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமாக இருக்கிறது. நிறம் செடியிலிருந்து வந்தது என்பது நியாயமான கூலிக்கு உத்தரவாதமாகாது.

ஆய்வுக்கூடச் சாயம் கொண்டுவந்தது வேறுவிதமான கொடுமை. பனியன் துணிக்குச் சாயம் ஏற ஏராளமான உப்பு தேவை. அந்த உப்புநீர் நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. கிணறு கெட்டது, தென்னை கருகியது, கால்நடைக்குத் தண்ணியில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடி, கழிவுநீரைத் துளியும் வெளிவிடக் கூடாது என்ற உத்தரவு 2006இல் வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

இதற்குப் பல வருஷம் முன்பே, 1994இல், ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்திருந்தது. அவற்றிலிருந்து பிரியும் பொருள்கள் புற்றுநோய் தரக்கூடியவை, உடுத்துகிறவர் தோலில் படும் என்பது காரணம். ‘இயற்கைச் சாயம்’ ஏற்றுமதிச் சந்தையில் மறுபடி மதிப்புப் பெற்றதில் இப்படிப்பட்ட தடைகளுக்கும் பங்குண்டு. அதாவது வாங்குகிறவன் தோலுக்குச் சட்டம் முதலில் வந்தது. நொய்யல் விவசாயி கிணற்றுக்குப் பல வருஷம் கழித்து வந்தது. பட்டறையில் வெறுங்கையோடு சாயத்தில் நின்றவனின் தோல் எந்தச் சட்டத்தின் மையத்துக்கும் வரவில்லை. மூடல் உத்தரவின்போது வேலை இழந்ததும் அவன்தான். ‘இயற்கை நிறம்’ என்ற சொல் இந்த மூன்று தோல்களுக்கும் நடுவிலுள்ள வரிசையைப் பூசி மறைக்கிறது. அதனால்தான் அதை விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

6

கடைசியாகச் சொற்கள். தமிழில் நிறப்பெயர்கள் பல பொருள்களின் பெயர்கள்: மஞ்சள், அரக்கு, சாம்பல், காவி. பொருளைச் சொன்னால் அதை விளைவித்தவரும் இடித்தவரும் கூடவே வந்து நிற்பார்கள். பெயிண்ட் கம்பெனியின் நிற அட்டையில் எண்ணும் கவர்ச்சிப் பெயரும்தான் இருக்கின்றன. நிறத்துக்கும் உழைப்புக்கும் இருந்த மொழித்தொடர்பு அங்கே அறுந்துவிட்டது.

காவிக்கு நேர்ந்தது இன்னும் விபரீதம். கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைக்கு நடுவே இழுக்கும் மண், துறவியின் துணியை நனைத்த மண், கொடுமணல் பானைமேல் ஏறிய மண். வடக்கிலிருந்து வந்த ஒரு கொடியின் நிறத்துக்கு அந்த மண்ணின் பெயரை நாமே மொழிபெயர்ப்பாகக் கடன் கொடுத்தோம். 1997 நவம்பர் கலவரத்தையும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பையும் பார்த்த கோவையில் காவி என்ற சொல்லை வெறும் மண்ணாக உச்சரிக்க முடியாமல் போயிற்று. கொடிக்கு எதிராகப் பேசுகிற நாமும் மண்ணை அவர்களிடமே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. வட்டார எழுத்துக்கு ‘மண்வாசனை’ என்று நாம் குத்தும் முத்திரையும் ‘இயற்கை நிறம்’ மாதிரியானதே. பண்ணையத்தில் யார் குனிந்தார்கள், யார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வாசனையாக ஆவியாக்கிவிடுகிறோம்.

பயிலரங்கு நடத்துவோரிடமும் கலந்துகொள்வோரிடமும் கேட்பதற்குச் சில எளிய கேள்விகள் உண்டு. இந்த மண்ணை எந்தக் குளத்திலிருந்து எடுத்தீர்கள், யாரிடம் கேட்டு? செய்முறை யாருடையது, அவர் பெயரைச் சொன்னீர்களா, அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அவர் பிள்ளை இந்த வகுப்பில் ஓவியராக உட்கார முடியுமா, அல்லது மண் சுமக்க மட்டும்தானா? இவற்றுக்குப் பதில் உள்ள நிறத்தை இயற்கை என்றோ செயற்கை என்றோ எப்படி வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளலாம். பதில் இல்லாத இடத்தில், சட்டியில் இருப்பது செம்மண்ணே ஆனாலும் அது பூச்சு வேலைதான்.