இறந்தவரிடம் யார் கேட்பது?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடல் வந்தது. மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரல்களும் செயற்கை நுண்ணறிவு வழியாக அதில் ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். பலருக்கு விவாதம் அங்கேயே முடிஞ்சு போச்சு. எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

'திருடா திருடா'வின் 'ராசாத்தி' பாடலைக் கேளுங்கள். வாத்தியங்களே இல்லை. எங்கே இழுப்பது, எங்கே மூச்சை விடுவது என்பதெல்லாம் ஷாகுல் ஹமீது எடுத்த முடிவுகள். புதிய பாட்டில் குரலின் நிறம் அவருடையது, முடிவுகள் அவருடையவை அல்ல. பாடகர் என்பவர் நிறம் மட்டும்தானா?

சட்டம் இதில் அதிகம் உதவாது. 2015-இல் ரஜினிகாந்த் தன் பெயரையும் பாணியையும் ஒரு படம் பயன்படுத்துவதைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் போய் வென்றார். அவர் உயிரோடு இருந்தார், கேட்க முடிந்தது. 'தலைவி' படத்தை எதிர்த்து ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் 2021-இல் வேறு சொன்னது: ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் தனியுரிமையும் மரணத்தோடு முடிந்துவிடும், வாரிசுக்கு வராது. அப்படிப் பார்த்தால் ரஹ்மான் கேட்ட அனுமதி பெரும்பாலும் மரியாதைதான்.

பாட்டிலாவது மெட்டு மட்டும். அதே 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டில் கருணாநிதி திரையில் தோன்றி மகனின் தலைமையைப் பாராட்டினார். பிப்ரவரி 24-இல் ஜெயலலிதாவின் குரல் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவு கேட்டது. இது கருத்தையே வாயில் வைப்பது.

எங்க நத்தம் பக்கம் சாமியாட்டத்திலும் செத்தவங்க பேசுவாங்க. ஆனால் ஆடுபவர் யார் என்று ஊருக்கே தெரியும். "யாரு வந்திருக்கீங்க?" என்று எதிரே நின்று கேட்கலாம், சந்தேகப்படலாம், சண்டையும் போடலாம். திரையில் வந்த கருணாநிதியிடம் அப்படி எதுவும் கேட்க முடியாது.

2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தம், செயற்கை ஒலி-காட்சிகளுக்கு அடையாளம் இடச் சொல்கிறது. நல்லது. ஆனால் 'இயந்திரம் செய்தது' என்பது பாதி உண்மைதான். அந்த வரிகளை எழுதியவர் யார், அவற்றைப் பேசவைக்கத் தீர்மானித்தவர் யார் என்பதையும் எழுதணும். 'பாடியவர்' என்ற இடத்தில் பாடாதவரின் பெயர் இருக்கும்வரை, அனுமதிக் கடிதம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது பொய்தான்.