கடல் கடந்த குடித்தனம்

தொல்காப்பிய அகத்திணையியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. பொருள் தேடிக் கடல் கடக்கும் வழக்கம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்ற நூற்பாவை விளக்கி முடித்திருந்தேன். எம்.ஏ. படித்துக்கொண்டே பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலை பார்த்துவந்த மாணவி எழுந்து கேட்டாள்: "அப்ப நான் போறது இலக்கணப் பிழைங்களாம்மா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அது 2018. அடுத்த மாதம் அவளுக்கு எத்தியோப்பியாவுக்கு விமானம். கணவர் புரொடக்‌ஷன் மேனேஜர். ஹவாசா நகரத்துத் தொழிற்பூங்காவில் வேலை கிடைத்திருந்தது. அவளுக்குக் கிடைத்தது 'டிபென்டன்ட்' என்ற பெயர். அவள் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. காலம் தாழ்ந்த பதில்தான் இந்தக் கட்டுரை.

அந்த நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கங்கள் வேறுபடுகின்றன. நாம் அதைப் புரிந்துகொண்ட விதம் ஒன்றுதான்: தலைவன் போவான், தலைவி இருப்பாள். அவளுடைய காத்திருப்புக்கு முல்லை, நெய்தல் என்று திணைகளே வகுத்திருக்கிறோம். போனவளுக்குத் திணை இல்லை. உடன்போக்குப் பாட்டுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை வழியைப் பாடும். மகளைத் தேடும் தாயைப் பாடும். போய்ச் சேர்ந்த இடத்தில் அவள் அடுப்பை எப்படி மூட்டினாள் என்று பெரும்பாலும் பாடுவதில்லை. புது மனையில் சமைப்பவளைச் செவிலி கண்டுவந்து சொல்லும் குறுந்தொகைப் பாட்டு (167) ஒரு விதிவிலக்கு. தயிர் பிசைந்த விரலும் கண்ணில் ஏறிய தாளிப்புப் புகையும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பாட்டும் முடிவது, உண்டவன் நன்று என்றதும் அவள் முகம் மலர்வதில். அவள் சாப்பிட்டாளா என்று செவிலி சொல்லவில்லை.

கடல் விதி எல்லாப் பெண்களுக்கும் பொருந்தியதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியபோது 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று ஆங்கில அரசே கணக்கு வைத்தது. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். உடல் சிதைந்து திரும்புகிறாள். அந்தக் காலத்தில் நகரத்தார் வட்டிக்கடை ஏஜெண்டுகள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்றாண்டுத் தவணையில் போய்வந்தார்கள். மனைவியர் ஊரில் இருந்தார்கள். சொத்துள்ள வீட்டுப் பெண் கடல் தாண்டக் கூடாது, சொத்தில்லாத வீட்டுப் பெண் தாண்டாமல் பிழைக்க முடியாது. நூற்பாவில் இருக்கும் 'பெண்' யார் என்பது இதிலேயே தெரிகிறது.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நம் விமர்சகர்கள் சலிக்காமல் கொண்டாடும் நாவல். கொண்டாட்டத்தில் எனக்கும் பங்குண்டு. மெதான் வீதிகளும் பினாங்கு வட்டிக்கடைகளும் போர்க்கால உரையாடல்களும் வேறு யார் எழுத்திலும் அப்படி உயிர் பெறவில்லை. ஆனால் அது ஆண்களின் ஊர். அங்கே பெண் என்றால் பெரும்பாலும் ஊரில் விட்டுவந்தவள் அல்லது காசுக்குக் கிடைப்பவள். அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' கதையில் பினாங்கில் மனைவி மகளோடு வாழும் வட்டிக்கடை முதலாளியின் வீடு வருகிறது. மகள் மரகதத்தின் கல்யாணத்தை உறுதி செய்வதும் முறிப்பதும் அப்பா. அந்த வீட்டில் அரிசி எங்கிருந்து வந்தது, பக்கத்து வீட்டுச் சீனத்தியோடு அம்மா எந்த மொழியில் பேசினாள் என்று கேட்டுக்கொண்டே நான் அதை வாசிக்கிறேன். சிங்காரம் அந்த மண்ணிலேயே மணம் செய்துகொண்டவர். மனைவியும் குழந்தையும் முதல் பிரசவத்திலேயே இறந்துபோனார்கள் என்பது அவரது வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரி. அயல்மண்ணில் குடித்தனம் நடத்திய பெண் நம் இலக்கிய வரலாற்றில் இருப்பது அந்த ஒரு வரியளவு இடத்தில்தான்.

எங்கள் பக்கம் கல்யாணமானதும் 'குடித்தனம் வைக்க' அம்மா கூடப் போவார். பாத்திரம், பருப்பு, ஊறுகாய் ஜாடி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், பால் காய்ச்சி, தண்ணீர் எப்போது வரும் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவார். குடியேறுவது ஒரு வேலை என்பதும் அதைச் செய்வது பெண் என்பதும் அந்த வழக்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. இலக்கிய விமர்சனத்துக்குத்தான் தெரியவில்லை.

என் மாணவிக்கு அம்மா கூட வரவில்லை. ஹவாசா ஏழாம் பாகையில் இருக்கிறது, திருப்பூரைவிட நிலநடுக்கோட்டுக்கு அருகில். ஆப்பிரிக்கா என்றால் கொதிக்கும் என்று பருத்திப் புடவைகளாக அடுக்கிக்கொண்டு போனவள், கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரிக்கரையில் இறங்கி முதல் இரவே குளிரில் நடுங்கினாள். அங்கே மணி காலை விடியலிலிருந்து தொடங்குகிறது. நம் ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. கேஸ்காரர் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றதை நம்பி மதியம் காத்திருந்தாள். அவர் காலை எட்டு மணிக்கே வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். "நம்ம தாத்தன் பாட்டி நாழிகைக் கணக்கும் விடியல்ல இருந்துதானுங்களே, அப்புறந்தான் எனக்குப் பிடிபட்டுச்சு" என்றாள். தெஃப் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்துச் சுடும் இஞ்ஜிராவில் தோசையைக் கண்டுகொண்டாள். புதன், வெள்ளி விரத நாட்களில் எத்தியோப்பியக் கிறித்துவர்கள் இறைச்சியும் பாலும் தொடுவதில்லை என்பதால், அந்த நாட்களில் எந்தக் கடையிலும் பயமின்றிச் சாப்பிட்டாள். சந்தையில் முருங்கைக் கீரையைக் கண்டபோது அழுதேவிட்டாளாம். தென் எத்தியோப்பியாவில் நம் முருங்கையின் சகோதர இனம் ஒன்றைக் கீரைக்காகவே வளர்க்கிறார்கள். அம்ஹாரிக் எழுத்து நம் உயிர்மெய் போல ஒரே எழுத்து உருமாறி வரிசையாகப் போகும். தமிழ் படித்தவள் அதை ஆறு வாரத்தில் பிடித்தாள். கணவருக்குக் கடைசிவரை ஒரு கடைப் பலகையும் வாசிக்க வராது.

இவ்வளவும் அறிவு. ஆண் செய்திருந்தால் பயண நூலாகியிருக்கும்.

கம்பெனி விருந்தினர் விடுதியில் தங்கியிருந்த நம் பக்கத்து இளைஞர்கள் ஞாயிறு தோறும் அவள் வீட்டில் சாப்பிட்டார்கள். பிறகு புதன்கிழமையும் வந்தார்கள். யாரும் திட்டமிட்டதல்ல; சொந்த ஊர்ப் பிள்ளைகள், எப்படி வேண்டாம் என்பது? ஊருக்கு ஓடிப்போக நினைத்த இருவர் அவள் ரசத்தால்தான் தங்கினார்கள் என்று மேலாளர் ஒருவர் பாராட்டினார். பாராட்டு மட்டும்தான் கொடுத்தார். திருப்பூரில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள் அங்கே சம்பளமில்லாத மெஸ் நடத்தினாள்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை எனக்கும் அவளுக்கும் வசதியாக இருக்கும். அவள் வீட்டில் ஒரு சிடாமா இனப் பெண் துணி துவைத்தாள், வெங்காயம் உரித்தாள். அவள் தங்கை அதே தொழிற்பூங்காவில் தையல் லைனில். ஹவாசா ஆயத்த ஆடைத் தொழிலாளியின் மாத அடிப்படைச் சம்பளம் 26 டாலர் என்று 2019இல் நியூயார்க் பல்கலைக்கழக ஸ்டெர்ன் மையத்தின் அறிக்கை சொன்னது. "தங்கச்சிக்கே அவ்வளவுதான்னா அக்காவுக்கு நான் என்ன குடுத்திருப்பேன்னு கேக்காதீங்கம்மா" என்றாள் என் மாணவி. 1880களின் இறுதியில் ஃப்ளோரா அன்னி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் இந்தியாவுக்கு வரும் ஆங்கிலேய மனைவியருக்காக ஒரு குடும்பக் கையேடு எழுதினார்கள். வேலையாட்களை எப்படி நடத்தி வேலை வாங்குவது என்பது அதில் பெரும்பகுதி. நம் பெண்ணுக்கு அப்படி ஒரு புத்தகம் தேவைப்படவில்லை. சொல்லாமலே கற்றுக்கொண்டுவிட்டோம். சம்பளமில்லாத ஒருத்தியின் குடித்தனம் அற்பச் சம்பளம் வாங்கும் இன்னொருத்தியின் முதுகில் நிற்கிறது. இதைச் சேர்த்து எழுதாத பெண்ணியக் கட்டுரை பாதிக் கட்டுரை.

2022 சனவரி முதல் நாளோடு எத்தியோப்பியாவுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிச்சலுகை நின்றது. ஆர்டர்கள் சரிந்தன. அந்த ஆண்டே இருவரும் திரும்பினார்கள்.

திருப்பூரில் என் தெருக்கோடியில் லைன் வீடுகள் உண்டு. ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை. ஒடிசாவிலிருந்து வந்த தம்பதிகள் அங்கே இருக்கிறார்கள். ஹவாசாவில் அவளும் கணவரும் 'எக்ஸ்பாட்'. இங்கே ஒடிசாக்காரர்கள் 'மைக்ரன்ட்'. வாய்ப்பேச்சில் 'இந்திக்காரங்க', அவர்கள் பேசுவது ஒடியா என்றாலும். அந்தப் பெண்ணும் தையல் மெஷினிலிருந்து வந்து, இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் பகாளா சாப்பிடுகிறாள். நம் பழைய சோறுதான். நம் பெண் இஞ்ஜிராவில் தோசையைக் கண்டதை வியந்து கேட்ட நான், பத்து வருடமாகப் பக்கத்துத் தெருவில் பழைய சோறு இருப்பதை அறியவில்லை.

புலம்பெயர் இலக்கியத்தைப் படிக்கும்போது யார் போனார், ஏன் போனார், எதை இழந்தார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். போன இடத்தில் முதல் வாரம் தண்ணீர் யார் பிடித்தது, மொழியை முதலில் யார் கற்றது, அந்த வேலைக்கு யார் கூலி கொடுத்தது என்ற கேள்விகளையும் பிரதியிடம் வைக்க வேண்டும். பிரதியில் விடை இல்லையென்றால், இல்லை என்று எழுதுவதும் விமர்சனம்தான்.

போன பருவத்தில் அதே நூற்பாவை நடத்திவிட்டு, உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேற்றூரிலிருந்து வந்து குடித்தனம் வைத்த ஒரு பெண்ணின் முதல் வாரத்தைக் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். இங்கேயே பிறந்து வளர்ந்து தமிழ் படிக்கும் ஒடியா மாணவி ஒருத்தி தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாள். அம்மா கற்ற முதல் தமிழ் வாக்கியம்: "அக்கா, மோட்டார் போடுங்க." வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீர் கேட்டது.

ஹவாசாவிலிருந்து வந்தவளுக்குத் தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அங்கே தான் கற்ற முதல் சொல் 'வுஹா' என்றாள். அம்ஹாரிக்கில் தண்ணீர்.