கையில் எபாக்ஸி: அசிட்டோனா, வினிகரா, சோப்பா?

இறுகாத எபாக்ஸி கையில் பட்டால் எதைக் கொண்டு துடைப்பது? மரவேலைக்காரரிடமும் படகு செப்பனிடுபவரிடமும் கேட்டால் அசிட்டோன், வினிகர், சோப்பு என்று மூன்று கட்சி உண்டு.

அசிட்டோன் கட்சியின் ஒரே வாதம் வேகம். பிசுக்கு நொடியில் மறைவது உண்மைதான். ஆனால் அது ரெசினை நீர்க்கவைத்து முன்பைவிட அகலமாகத் தோலில் பரப்புகிறது. தோலின் எண்ணெய்ப்பசையையும் கூடவே உரித்துவிடுகிறது. எபாக்ஸியில் அஞ்ச வேண்டியது எரிச்சலைவிட ஒவ்வாமை. மூலக்கூறு எடை 340 அளவிலான சிறிய ரெசின் மூலக்கூறுகள்தாம் இதில் முதல் குற்றவாளிகள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க விடாது. கரைப்பான்களால் தோலைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. சொல்வது வெறும் அதிகாரி எச்சரிக்கை அல்ல.

வினிகருக்குப் பாதி மதிப்பெண். அதன் அமிலம், ரெசினோடு கலந்து அதை இறுகவைக்கும் ஹார்டனரில் உள்ள அமீனோடு வினைபுரியும். ரெசினோ தண்ணீரில் கரையாதது, வினிகரிலும் பெரிதாக அசையாது. கரண்டி, பிரஷ் கழுவ வைத்துக்கொள்ளலாம். வெடித்த தோலில் ஊற்றுவது வேதனை.

ஹார்டனர் என்றதும் எப்பிங் நினைவுக்கு வருகிறது. லண்டனின் வடகிழக்கு ஓரத்து ஊர். 1965 பிப்ரவரியில் அங்கே 84 பேருக்கு மஞ்சள் காமாலை. எபாக்ஸி ஹார்டனராகப் பயன்படும் ஒரு அமீன், வேனில் சிந்தி, பக்கத்தில் இருந்த மாவு மூட்டையில் ஊறி, முழுக்கோதுமை ரொட்டியாக வீடுகளுக்குப் போயிருந்தது. அவர்கள் அதைத் தின்றவர்கள். ஆகவே கை துடைக்கும் வழக்குக்கு இதை நேர்ச்சாட்சியாக நிறுத்துவது நியாயமில்லை. வீட்டு உபயோக எபாக்ஸியில் இன்று பெரும்பாலும் வேறு அமீன்கள். ஆனாலும் அந்தப் பழைய அமீன் தோல் வழியாகவும் உடலில் சேரக்கூடியது என்பதால், சாட்சியை முழுக்கத் தள்ளவும் முடியாது. சிந்தியதை அங்கேயே, அப்போதே எடுக்காததுதான் அந்த வேனின் பிழை.

என் தீர்ப்பு சோப்புக்கே. ஆனால் அதற்கு முன் காய்ந்த காகிதத்தால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு கைகழுவும் கிரீம், சோப்பு, வெதுவெதுப்பான நீர். மெதுவான வழிதான். மெல்லிய லேடக்ஸ் கையுறையை நம்ப வேண்டாம். நைட்ரைல் தேவலை, அதையும் கறைபட்டவுடன் மாற்ற வேண்டும். அசிட்டோன் பட்டால் நைட்ரைலும் சீக்கிரம் தோற்றுப்போகும்.

மரத்திலும் உலோகத்திலும் அசிட்டோனுக்கு இடம் உண்டு: முதலில் சுரண்டி எடுத்து, மிச்சத்தை மட்டும், காற்றோட்டத்தில், நெருப்பில்லாத இடத்தில் துடைக்கலாம். அரைகுறையாக இறுகியதை உப்புத்தாளால் தேய்ப்பது மிக மோசம். அந்தத் தூளிலும் வினைபுரியாத ரெசின் இருக்கும். கோப்பையில் மீந்த கலவையைக் குப்பையில் எறிந்தால் தானே சூடேறிப் புகையும். வெளியே அட்டையில் மெல்லிசாகப் பரப்பி, முழுக்க இறுகிய பிறகே எறியலாம்.